வேலூரில் குடும்பத்தோடு கிறிஸ்துமஸ் எஸ்கேப் ரூம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு ஹாலிலோ, மொட்டைமாடி ஷெட்டிலோ, சர்ச் ஹாலிலோ கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு புதிர் அறை அமைத்து, சொந்தக்காரர்களையும் அக்கம்பக்கத்தாரையும் விளையாட வைக்க நினைப்பவர்களுக்கான பக்கம் இது. கீழே உள்ள அளவுகள் எல்லாம் 10க்கு 12 அடி அறை, ஐந்து பேர் கொண்ட ஒரு குழு என்ற கணக்கில் சொன்னவை.

எஸ்கேப் ரூம் என்றால் என்ன?

ஒரு குழு அறைக்குள் போகும். அங்கே ஒளித்து வைத்த பொருட்களைத் தேடி, புதிர்களை அவிழ்த்து, பூட்டுகளைத் திறந்து, குறித்த நேரத்துக்குள் ஒரு வேலையை முடிக்க வேண்டும். 2007இல் ஜப்பானின் கியோட்டோவில் தகாவோ கட்டோ என்பவர் தொடங்கிய விளையாட்டு. உடல் பலம் வேண்டாம், ஓட்டப் பந்தயம் இல்லை. கண்ணும் கையும் பேச்சும் போதும்.

கதவைப் பூட்டிவிடுவீர்களா?

கூடவே கூடாது. தாழ்ப்பாள்கூடப் போட வேண்டாம். பூட்டு எல்லாம் பெட்டிகளுக்கு மட்டும்தான். குழந்தை அழுதாலும், பெரியவருக்கு மூச்சு முட்டினாலும், யாரையும் கேட்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வர முடிய வேண்டும். “தப்பிப்பது” என்ற கதை போனால் சுவாரசியம் போய்விடாதா என்று கேட்பார்கள். போகாது. கிறிஸ்துமஸுக்குத் தேடிக் கண்டுபிடிக்கிற கதைதான் பொருத்தம்.

அப்படியானால் கதை என்ன?

நம் பக்கத்துக் குடில்களில் குழந்தை இயேசு சுரூபத்தை (சிலையை) டிசம்பர் 24 இரவுதான் வைப்பார்கள். அதுவரை வைக்கோல் மெத்தை காலியாகவே இருக்கும். அதையே கதையாக்குங்கள்: நள்ளிரவு ஆராதனைக்கு இன்னும் 45 நிமிடம் இருக்கிறது, சுரூபம் கடைசிப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது, திறந்து எடுத்துக் குடிலில் வைக்க வேண்டும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆறு வயதுப் பிள்ளைக்கும் புரியும். திருடன், பேய், மாயக் கண்ணாடி என்று சேர்த்தால் கதை நீளும், குழு கேட்காது.

சுரூபம் வைக்கும் வழக்கம் இல்லாத வீடுகளில் நட்சத்திரத்துக்குப் பல்பு, கேக்குக்குக் கத்தி என்று மாற்றிக்கொள்ளலாம்.

எத்தனை பேர், எவ்வளவு நேரம், எந்த வயது?

நான்கு முதல் ஆறு பேர். ஏழாவது ஆள் வந்தால் அவர் சுவரில் சாய்ந்து வேடிக்கைதான் பார்ப்பார். மூன்று பேர் என்றால் ஒரு புதிரைக் குறையுங்கள். குடும்பங்களுக்கு 45 நிமிடம் சரியாக இருக்கும். கல்லூரிப் பிள்ளைகள் மட்டும் என்றால் 60 கொடுத்து, புதிரைக் கடினமாக்கலாம். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெற்றோரோடு வரலாம், ஆனால் அவர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அரையாண்டுத் தேர்வு முடிவதற்குள் நாள் குறித்தால் பிள்ளைகள் பாதி மனதோடுதான் வருவார்கள். விடுமுறை தொடங்கியதிலிருந்து ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் வரை நல்ல காலம்.

புதிர்களை எப்படி அடுக்குவது?

பெரும்பாலான வீட்டு அறைகள் கெட்டுப்போவது இங்கேதான். ஒரு புதிர் முடிந்தால்தான் அடுத்தது என்று வரிசையாக வைத்தால், வேகமான ஒருவர் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்வார், மற்ற நால்வரும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். குடும்ப அறைக்கு ஒரே ஒரு அளவுகோல்தான்: மிகச் சிறியவரும் மிகப் பெரியவரும் ஆளுக்கு ஒன்றாவது தாங்களே அவிழ்த்தார்களா?

அதற்கு மூன்று தடங்களை ஒரே நேரத்தில் திறந்து வைக்க வேண்டும். குழந்தை இயேசுவுக்கு ஞானிகள் கொண்டுவந்த பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்ற வாசனைப் பிசின் மூன்றும் கைக்கு வந்த மாதிரி இருக்கிறது. மூன்று பெட்டி, மூன்று பூட்டு. ஒவ்வொரு தடத்திலும் முதலில் ஒரு சின்னத் தேடல், அதன்மேல் ஒரு புதிர். மூன்று பெட்டியும் திறந்தால் கிடைக்கும் பொருட்களைச் சேர்த்துக் கடைசிப் பெட்டி. மொத்தம் ஏழு வேலை. ஒரு வேலைக்கு ஏறத்தாழ ஆறு நிமிடம்.

பொன் பெட்டியில் என்ன புதிர் வைக்கலாம்?

தமிழில் உயிரெழுத்து 12, கடிகாரத்தில் மணியும் 12. ஒரு பழைய சுவர்க் கடிகாரத்தின் முகத்தில் 1 இருக்கும் இடத்தில் அ, 2இல் ஆ, 3இல் இ என்று ஔ வரை ஒட்டிவிடுங்கள். குடிலில் மூன்று இடம் காலியாக இருக்கட்டும். அங்கே நிற்க வேண்டிய ஆடு, இடையர், கூரைமேல் சாத்தும் ஏணி மூன்றையும் அறையில் முழங்கால் உயரத்துக்குக் கீழே ஒளித்து வையுங்கள்: சோபாவுக்கு அடியில், கட்டில் காலுக்குப் பின்னால். பெரியவர்கள் அந்த உயரத்தில் தேடவே மாட்டார்கள், சின்னப் பிள்ளைதான் எடுக்கும். நட்சத்திரத்திலிருந்து குடிலுக்கு ஒரு தங்கநிற நூல் இழுத்துவிட்டால், அது எந்த உருவத்தை முதலில் தொடுகிறதோ அது முதல் எண். பெயரின் முதல் எழுத்தைக் கடிகாரத்தில் பார்த்தால் ஆடு 2, இடையர் 3, ஏணி 8. பூட்டு 238.

ஒட்டகத்தைச் சேர்க்கக் கை பரபரக்கும். சேர்க்காதீர்கள். ஒ என்பது 10, பூட்டில் ஒரு கட்டத்துக்குள் 10 வராது. குழு 1, 0 என்று பிரித்துப் போடும், எண் நான்காகிவிடும், பத்து நிமிடம் வீண். அ முதல் ஐ வரைதான் புழக்கம். இடையரை “மேய்ப்பர்” என்று எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அதனால் ஒவ்வொரு உருவத்தின் அடியிலும் பெயரை எழுதிவிடுங்கள்.

சாம்பிராணிப் பெட்டி?

இது மூக்குக்கான புதிர். பாட்டிமார்கள் பிள்ளைகளைத் தோற்கடிக்கும் இடம், அதற்காகவே வைக்க வேண்டும்.

மூடியில் ஆணியால் ஐந்தாறு துளை போட்ட நான்கு சின்ன எவர்சில்வர் டப்பா எடுங்கள். ஒன்றில் லேசாகத் தட்டிய ஐந்து ஏலக்காய், ஒன்றில் பத்துக் கிராம்பு, ஒன்றில் இடித்த சுக்கு, ஒன்றில் சோம்பு. மூடியின் உள்பக்கம் மெல்லிய துணி வைத்தால் கண்ணுக்குத் தெரியாது, மணம் மட்டும் வரும். மூடி கழன்றுவிடாமல் விளிம்பைச் சுற்றி செலோடேப் ஒட்டுங்கள். ஒவ்வொரு டப்பா மேலும் ஒரு எண். கேக் செய்முறைச் சீட்டை நான்காகக் கிழித்து, ஒரு கலகலா டின்னுக்குள் போட்டு வையுங்கள். சேர்த்து ஒட்டிப் படித்தால் “முதலில் ஏலக்காய், அதன்பின் சுக்கு, கடைசியில் கிராம்பு” என்று வரும். சோம்பு கேக்கில் சேராது, அது திசைதிருப்பத்தான்.

நான்கு டப்பாவையும் ஒரே பைக்குள் போட்டு வைத்தால் கிராம்பு மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். விளையாட்டு தொடங்கும் வரை தனித்தனி பிளாஸ்டிக் கவரில் இருக்கட்டும். இரண்டு மூன்று குழு விளையாடியதும் ஏலக்காயை மாற்றுங்கள், அதுதான் சீக்கிரம் அடங்கிவிடும். குழுவில் யாருக்காவது ஜலதோஷம் இருந்தால் இந்த டப்பாக்கள் வேறொருவர் கைக்குப் போகட்டும். சாம்பிராணிப் புகை மட்டும் போட வேண்டாம். மூடிய அறையில் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது.

வெள்ளைப்போளப் பெட்டி?

சிவப்புக் கண்ணாடித்தாள் புதிர். வெள்ளைத் தாளில் வெளிர் நீல ஸ்கெட்ச் பேனாவால் மூன்று எண்ணை எழுதி, அதன்மேல் சிவப்பு, ஆரஞ்சு, ரோஸ் நிறத்தில் பூ, நட்சத்திரம், கிறுக்கல் என்று நிரப்புங்கள். சிவப்புத் தாள் வழியே பார்த்தால் சிவப்புக் கிறுக்கல் மறையும், நீலம் கருத்துத் தெரியும். ஒரு மடிப்புத் தாள் போதாது, இரண்டு மடிப்பு வேண்டும். அட்டையில் மூக்குக்கண்ணாடி மாதிரி வெட்டி ஒட்டி, கிறிஸ்துமஸ் தாத்தாவின் அங்கிப் பையில் போட்டு வையுங்கள். அடர் நீலம் பயன்படுத்தினால் கண்ணாடி இல்லாமலே தெரிந்துவிடும். எழுதிய பிறகு இரண்டடி தள்ளி நின்று வெறும் கண்ணால் பாருங்கள். எண் தெரிந்தால் தாளைக் கிழித்துப் போட்டு மறுபடி எழுதுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத மையும் புற ஊதா டார்ச்சும் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வைக்கலாம், ஆனால் சாதாரண ஏ4 தாளில் எழுதாதீர்கள். அதில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருளே அந்த ஒளியில் நீலமாகப் பளிச்சிடும், எழுத்து அதற்குள் மூழ்கிவிடும். பழுப்புநிற அட்டை சரியாக வரும். அந்த டார்ச்சைக் கண்ணில் அடிக்கக் கூடாது என்று உள்ளே போகும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும்.

கடைசிப் பெட்டி?

மூன்று பெட்டியிலும் ஆளுக்கொரு கறுப்புச் சார்ட் அட்டை, 10 செ.மீ. சதுரம், ஊசித் துளைகளோடு. மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, பின்னாலிருந்து செல்போன் டார்ச் அடித்தால், மூன்றிலும் பொதுவாக உள்ள துளை வழியே மட்டும் வெளிச்சம் போகும். சுவரில் புள்ளி புள்ளியாக எண் விழும். அறையே ஒரு கணம் அமைதியாகிற இடம் இது. இதற்காக எவ்வளவு மெனக்கெட்டாலும் தகும்.

செய்முறை: மூன்று அட்டையையும் சேர்த்துக் கிளிப் போட்டு, 8 மி.மீ. இடைவெளியில் பென்சில் கட்டம் போட்டு, உண்மையான எண்ணைக் கோணி ஊசியால் மூன்றிலும் ஒரே குத்தாகக் குத்துங்கள். துளை சுமார் 3 மி.மீ. இருக்கட்டும். பிறகு பிரித்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு இடத்தில் பொய்த் துளைகள். ஒன்றில் குத்திய பொய்த் துளை மற்ற இரண்டிலும் இருக்கக் கூடாது. 1, 4, 7 போன்ற எண்கள் புள்ளியில் தெளிவாக வரும். 6, 8, 9, 0 குழப்பும்.

மூன்று அட்டையையும் ஒரே மாதிரி ஒரு மூலையை வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒன்றைத் தலைகீழாக வைத்து, ஒன்றும் தெரியவில்லை என்று கைவிட்டுவிடுவார்கள். டார்ச்சிலிருந்து அட்டை 15 செ.மீ., சுவர் 60 செ.மீ. என்றால் எழுத்து நான்கு மடங்கு பெரிதாக விழும். டார்ச் பக்கத்திலிருந்து பார்க்கும்போது எண் நேராக இருக்க வேண்டும், அப்போதுதான் சுவரிலும் நேராக வரும். சில போன்களில் இரண்டு எல்இடி இருக்கும், புள்ளி இரட்டையாக விழும். எந்த போனை உள்ளே வைக்கப் போகிறீர்களோ அதிலேயே சோதித்துவிடுங்கள். நட்சத்திரத்துக்குள் போடும் பால்நிற எல்இடி பல்பு இதற்கு உதவாது, வெளிச்சம் பரவி எண் கலங்கிவிடும்.

டிசம்பர் கடைசியில் இங்கே ஆறு மணிக்கு இருட்டத் தொடங்குகிறது. பகலில் நடத்தினால் ஜன்னலுக்குக் கனத்த போர்வை கட்டுங்கள்.

என்ன பூட்டு வாங்குவது?

லாங் பஜார் பக்கம் ஹார்டுவேர் கடைகளில் மூன்றிலக்க நம்பர் பூட்டு கிடைக்கும். ஒரே மாதிரி நான்கு வாங்குங்கள். ஒன்று கெட்டாலும் மாற்றி மாட்டலாம். எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால், கிடைத்த எண்ணை எந்தப் பூட்டில் போடுவது என்று சுற்றிச் சுற்றி வருவார்கள். அதைத் தவிர்க்க பூட்டிலும் அதன் புதிரிலும் ஒரே நிற ரிப்பன் கட்டுங்கள். சிவப்பும் பச்சையும் மட்டும் வேண்டாம். அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாதவர்கள் பல குடும்பங்களில் இருக்கிறார்கள், அவர்களுக்கே தெரியாமலும் இருக்கும். மஞ்சள், நீலம், வெள்ளை போதும்.

அடிக்கடி நடக்கும் கோளாறு: பூட்டு திறந்ததும் பிள்ளை அதைக் கையில் வைத்துத் திருகும். எண் மாற்றும் நிலையில் வளையம் இருந்தால், புது எண் பதிந்துவிடும், யாருக்கும் தெரியாது. திறந்த பூட்டை உடனே நடத்துநரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று விதியே வையுங்கள்.

மூன்றிலக்கத்தில் இருப்பது 1000 வாய்ப்பு. இரண்டு எண் தெரிந்துவிட்டால் பாக்கி வெறும் 10. ஆகவே மூன்று எண்ணும் ஒன்றாகக் கிடைக்கிற மாதிரி புதிரை அமையுங்கள்.

வேலூர் சமாச்சாரங்களைப் புதிரில் சேர்க்கலாமா?

சேருங்கள், ஆனால் விடையாக வைக்காதீர்கள். நாலிலக்கப் பூட்டைப் பார்த்த மாத்திரத்தில் ஊர்க்காரர் போட்டுப் பார்ப்பது 1806தான், சிப்பாய்ப் புரட்சி ஆண்டு. அடுத்தது 1900, மருத்துவர் ஐடா ஸ்கடர் சிஎம்சி மருத்துவமனைக்கு வித்திட்ட ஆண்டு. அதற்கப்புறம் 2512, கிறிஸ்துமஸ் தேதி. இந்த மூன்றையும் எங்கேயும் வைக்காதீர்கள். கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தின் 1846 அவ்வளவு பேருக்கு நினைவில் இருக்காது. அதன் படத்தையும் ஆண்டையும் சுவரில் மாட்டி, “1900இலிருந்து இதைக் கழி” என்றால் 054 வரும். இப்படி ஒரு கணக்கு நடுவில் இருந்தால் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒரே வேலை.

கிறிஸ்தவர் அல்லாத நண்பர்கள் வந்தால்?

வரட்டும், வருவதுதான் அழகு. விடைக்குத் தேவையான எல்லாம் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான். வேதாகம வசனம் வேண்டுமென்றால் சீட்டில் எழுதி மாட்டுங்கள். “ஞானிகள் எத்தனை பேர்?” என்று கேட்காதீர்கள். மத்தேயு எண்ணிக்கை சொல்லவில்லை, மூன்று காணிக்கைகளின் பெயரைத்தான் சொல்கிறார். வேதம் நன்றாகப் படித்தவர் அந்த இடத்தில் நின்றுவிடுவார், அவர் சொல்வதுதான் சரியும்கூட.

வசனத்தின் சொற்களை எண்ணும் புதிர் வைத்தால் இன்னொரு சிக்கல்: சிஎஸ்ஐ வீட்டு வேதாகமத்தில் “முன்னணை”, கத்தோலிக்க வீட்டுத் திருவிவிலியத்தில் “தீவனத் தொட்டி”. எண்ணிக்கை மாறிவிடும். நீங்கள் எண்ணிய பிரதியையே அறையில் வையுங்கள்.

தமிழ் படிக்கத் தெரியாதவர்கள் இருந்தால்?

சிகிச்சைக்கு வந்து தங்கியிருக்கும் வங்காளக் குடும்பங்கள், வெளிமாநில மாணவர்கள் எல்லாம் நம் தெருக்களில்தான் இருக்கிறார்கள். கண்ணாடித்தாளும் துளை அட்டையும் மொழி இல்லாதவை, அப்படியே வைக்கலாம். செய்முறைச் சீட்டில் சொல்லுக்குப் பதில் படம். கடிகாரப் புதிர் மட்டும் தமிழோடு ஒட்டியது. குழுவில் ஒருவருக்காவது தமிழ் தெரிந்தால் மற்றவர்கள் அவரைத் தேடி வருவார்கள், அது நல்லதே. ஒருவருக்கும் தெரியாவிட்டால் உருவங்களின் அடியில் அதனதன் எண் அளவுக்குப் புள்ளி வைத்துவிடுங்கள்.

குறிப்பு எப்போது கொடுப்பது?

ஐந்து நிமிடமாக ஒரு தடத்தில் எதுவும் நகரவில்லை என்றால், கேட்காமலே கொடுங்கள். மூன்று படி: எங்கே பார்ப்பது, என்ன செய்வது, விடை. முதல் படியிலேயே பெரும்பாலோர் பிடித்துக்கொள்வார்கள். குறிப்பை யாரிடம் சொல்கிறீர்கள் என்பது முக்கியம். சத்தமாகப் பேசும் சித்தப்பாவிடம் சொல்லாமல், ஓரமாக நிற்கும் பிள்ளையின் காதில் சொல்லுங்கள்.

பாதுகாப்புக்கு என்னென்ன பார்க்க வேண்டும்?

வைக்கோலும் பஞ்சும் உள்ள குடிலுக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தி வேண்டாம். சீரியல் லைட்டின் இணைப்புகள் வைக்கோலைத் தொடக் கூடாது. டேப் சுற்றி ஒட்டிய பழைய செட்டைத் தூக்கிப் போடுங்கள். காகித நட்சத்திரத்துக்குள் குண்டு பல்பு கூடாது, சிறிய எல்இடி மட்டும். பேட்டரி மெழுகுவர்த்தி வைத்தால் பேட்டரி மூடி திருகாணியால் மூடியதாக இருக்க வேண்டும். அதற்குள் இருக்கும் பொத்தான் பேட்டரியைச் சின்னக் குழந்தை விழுங்கினால் உணவுக்குழாய் வெந்துபோகும். சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் காஷுவாலிட்டிக்குப் போக வேண்டும். காந்தத் துண்டுகளுக்கும் இதே எச்சரிக்கை.

ஸ்விட்ச் போர்டு, ஃபேன், பீரோ மேல்தட்டு, சாமான் அடுக்கு இவற்றில் சிவப்பு × ஒட்டி, இது விளையாட்டில் சேராது என்று முதலிலேயே காட்டிவிடுங்கள். நாற்காலி மேல் ஏறித் தேடும் இடத்தில் எதையும் ஒளிக்காதீர்கள்.

மழையும் கரண்ட்டும்?

டிசம்பரில் மழை பிடித்துக்கொண்டால் காகிதம் தளர்ந்து செலோடேப் விட்டுவிடும். சீட்டுகளை லேமினேட் செய்தால் பல குழுக்களுக்குத் தாங்கும். சிவப்புத்தாள் புதிரை மட்டும் லேமினேட் செய்ய வேண்டாம், பளபளப்பில் நீலம் தெரியாமல் போகும். மின்தடைக்கு இன்வெர்ட்டர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒரு சார்ஜ் லைட்டை எட்டும் இடத்தில் வையுங்கள். கரண்ட் போன நேரத்தை 45 நிமிடத்தில் சேர்க்காதீர்கள்.

ஒத்திகை அவசியமா?

இரண்டு முறை. அமைப்பில் பங்கில்லாத பெரியவர்களை வைத்து ஒன்று, பத்து வயதுப் பிள்ளைகளை வைத்து ஒன்று. வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு புதிருக்கும் ஆன நேரத்தைக் குறியுங்கள். பத்து நிமிடத்தைத் தாண்டியது எதுவாக இருந்தாலும், எவ்வளவு ஆசையாகச் செய்திருந்தாலும், எளிதாக்குங்கள்.

நேரத்துக்குள் முடிக்காவிட்டால்?

கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கடைசிப் பெட்டியைச் சேர்ந்தே திறங்கள். பாதியில் வெளியே அனுப்பினால் பிள்ளைகள் முகம் வாடிவிடும். கேக்கும் அச்சு முறுக்கும் வென்றவர், வெல்லாதவர் இருவருக்கும்.

அடுத்த குழுவுக்கு எவ்வளவு இடைவெளி?

20 நிமிடம். எல்லாம் ஒளித்து முடித்த நிலையில் ஒவ்வொரு மூலையையும் போனில் படம் எடுத்து வைத்தால், அதைப் பார்த்தே திருப்பி அடுக்கலாம். பூட்டை மாட்டும் முன் எண்ணைப் போட்டு ஒருமுறை திறந்து பாருங்கள். துளை அட்டை மூன்றும் தத்தம் பெட்டிக்குள் போனதா என்பதைப் பெட்டியைப் பூட்டும் ஆளும் இன்னொருவரும் பார்த்துவிட வேண்டும். சீசன் முடிந்ததும் பூட்டுகளைத் துடைத்து, பென்சில் தூள் கொஞ்சம் தூவி, எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அதன் வளையத்திலேயே கட்டி, காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். எண்ணெய் விட்டால் தூசி ஒட்டி அடுத்த டிசம்பரில் சுழலாது.